மூலையில் நின்ற ஜாம் போத்தல்: போன் படத்துக்குள் கதை பிடிப்பது எப்படி?

வன்னியில் எங்கள் வீட்டில், 2009இல் போர் முடிய முதல் எடுத்த படங்கள் இரண்டுதான் மிஞ்சின. அதில் ஒன்று சித்தியின் சாமத்தியவீட்டுப் படம். சித்தியின் சேலை, மாமிமாரின் கொண்டை எல்லாவற்றையும் அம்மா ஒரு வசனத்தில் முடித்துவிடுவா. ஆனால் பின்னால் யன்னல் கட்டில் ஒரு ஜாம் போத்தல் விளக்கு நிற்கிறது. படம் எடுத்தவர் அதைக் கவனித்தே இருக்கமாட்டார். அதில் கண் பட்டால் அம்மாவின் கதை அரை மணித்தியாலம் ஓடும். 90களின் பொருளாதாரத் தடை, மண்ணெண்ணெய்க்கு அலைந்தது, போத்தலின் அடியில் பஞ்சை வைத்து எண்ணெயை மிச்சம் பிடித்தது, அந்த வெளிச்சத்தில் சோதனைக்குப் படித்தது எல்லாம் வரும்.

அதற்குப் பிறகுதான் நான் படம் எடுக்கிற விதத்தை மாற்றினேன். கமரா வாங்கத் தேவையில்லை. கையில் இருக்கிற போன் போதும்.

படி 1: துடையுங்கோ

சாரத்தின் நுனியோ பழைய பருத்தித் துணியோ, எதனாலாவது கமராக் கண்ணாடியைத் துடையுங்கோ. வன்னிப் புழுதியும் விரல் எண்ணெயும் சேர்ந்தால் எந்தப் போனும் புகைமூட்டமாகத்தான் காட்டும். "என்ர போன் சரியில்லை" என்று என்னிடம் வந்தவர்களில் பாதிப்பேருக்கு இதுதான் வருத்தம்.

படி 2: வெயில் ஏற முதல் எழும்புங்கோ

காலை ஆறிலிருந்து ஏழரை வரை, பின்னேரம் ஐந்திலிருந்து பொழுதுபடும் வரை வெளிச்சம் சரிந்து விழும். பொருள்களுக்கு நீளமான நிழல் வரும். பத்து மணிக்குப் பிறகு எங்கள் ஊர் வெயிலில் முகங்கள் கறுத்து, மணல் வெளுத்துப் போகும். அந்த நேரத்தில் கிடுகுக் கொட்டிலுக்குள்ளோ மரநிழலிலோ எடுங்கோ.

எடுக்கும்போது திரையில் உங்களுக்கு வேண்டிய பொருளின் மேல் ஒருக்கால் தொடுங்கோ. பெரும்பாலான போன்களில் பக்கத்தில் ஒரு சூரியக் குறி வரும். அதைக் கொஞ்சம் கீழே இழுத்தால் வானத்தின் நிறம் திரும்பி வரும். இரண்டு விரலால் விரித்துப் பெருப்பிக்காதேங்கோ, சாதாரண போனில் படம் பொரிந்துவிடும். நாலடி முன்னுக்கு நடவுங்கோ.

படி 3: முதுகைத் திருப்புங்கோ

மாரியில் இரணைமடுக் குளம் நிறைந்து வான்கதவு திறந்தால் பார்க்கச் சனம் திரளும். எல்லாப் போனிலும் ஒரே படம்: வெள்ளை நுரையோடு பாயும் தண்ணீர். நானும் அப்படி நாற்பது படம் எடுத்து வைத்திருந்தேன், பிறகு ஒன்றைக்கூடத் திறந்து பார்த்ததில்லை. அடுத்தமுறை தண்ணீருக்கு முதுகு காட்டி நின்றேன். பேரனைத் தோளில் ஏற்றிய ஐயா ஒருவர், அவரின் காதை இரண்டு கையாலும் பிடித்திருந்த பெடியன், ஒற்றைச் செருப்பைத் தேடும் ஒரு பிள்ளை.

முறிகண்டியிலும் அப்படித்தான். ஏ9 வீதியால் போகிற பஸ் நிற்கும், பிள்ளையாரைக் கும்பிடுவார்கள், கச்சான் வாங்கிக்கொண்டு ஏறுவார்கள். கோயிலை எல்லாரும் எடுப்பார்கள். பஸ் போன பிறகு நிலத்தில் கிடக்கிற கச்சான் கோதை எடுத்துப் பாருங்கோ.

ஒரு சங்கதி. ஆட்களை எடுக்க முதல் கேளுங்கோ. "அண்ணை, ஒரு படம் எடுக்கட்டே?" என்றால் போதும். பிள்ளைகள் என்றால் தாய்தகப்பனிடம் கேளுங்கோ. வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கோ. இங்கே கமராவைக் கண்டு பயப்படுகிறவர்களுக்கு அதற்கான காரணம் இருக்கிறது. ஆமி முகாம் பக்கம் போனைத் தூக்கவே வேண்டாம்.

படி 4: பின்னணியைக் கூட்டித் துப்புரவாக்காதேங்கோ

படக்கலை சொல்லித்தருகிறவர்கள் இதில் என்னோடு சண்டைக்கு வருவார்கள். பின்னணி சுத்தமாக இருக்கவேணும் என்பது அவர்களின் பாடம். கலியாண அல்பத்துக்கு அது சரி. வீட்டுப் படத்துக்கு நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். கொடியில் காயும் சேட்டு, சுவரில் தொங்கும் கலண்டர், மூலையில் சாத்திய மண்வெட்டி, எல்லாம் கிடக்கட்டும். இன்றைக்குக் குப்பையாகத் தெரிகிற சாமான்தான் இருபது வருசத்தால் அரை மணித்தியாலம் கதைக்க வைக்கும்.

படி 5: அன்றிரவே இரண்டு வரி எழுதுங்கோ

படத்தில் தெரிவதைத் திருப்பி எழுதுவதில் பிரயோசனம் இல்லை. எடுக்க முதல் என்ன நடந்தது, எடுத்த பிறகு என்ன நடந்தது என்று எழுதுங்கோ. போன மாதம் வீட்டுத் திண்ணையில் ஒரு படம் எடுத்தேன். தேத்தண்ணிக் கிளாஸ், பக்கத்தில் பாதி கடித்த பனங்கட்டி, அதில் எறும்பு. முதலில் எழுதியது: "அம்மாவின் காலைத் தேநீர், என்ன சுகம்!" வாசிக்க எனக்கே வெட்கம். அழித்துவிட்டு இப்படி எழுதினேன்: "அம்மா ஒரு கடி கடிச்சா. மாடு பயித்தங்கொடிக்குள்ள பூந்திட்டுது. தடியோட ஓடினவ திரும்பி வரேக்க எறும்பு முந்தீட்டுது. தட்டிப்போட்டு மிச்சத்தையும் கடிச்சா."

படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பி அதையே சேமித்து வைக்காதேங்கோ. அது படத்தைச் சுருக்கிவிடும், எடுத்த திகதியும் கழன்றுபோகும். போனில் இருக்கிற மூலப் படத்தை வேறோர் இடத்திலும் பிரதி பண்ணி வையுங்கோ. மாதம் ஐந்தாறை ஸ்டூடியோவில் 4ஆர் அளவில், அதாவது 4க்கு 6 அங்குலத்தில், கழுவி எடுங்கோ. எழுதின வரியைப் பின்பக்கத்தில் பேனையால், அழுத்தாமல் எழுதுங்கோ.

அந்தப் பனங்கட்டிப் படத்தை அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முன்னாலும் பின்னாலும் பார்த்தா.

"எல்லாம் சரி. அது ஆரின்ர மாடு எண்டு எழுதேல்லையே?"