தேதி நெடுவரிசையை (column) ஃபங்ஷனுக்குள் அடைக்காதீர்கள்

டேட்டாபேஸிலிருந்து 2024ஆம் ஆண்டு பில்களை எடுக்கும் குவெரியில் (தகவல் கேட்கும் கட்டளை) 'வேர் இயர்(பில்_தேதி) = 2024' என்று எழுதாமல், 'பில்_தேதி >= '2024-01-01' ஆண்ட் பில்_தேதி < '2025-01-01'' என்று எழுதுங்கள். விடை ஒன்றுதான், ஆனால் பெரிய டேபிளில் வேகம் வெகுவாகக் கூடிவிடும்.

இண்டெக்ஸில், அதாவது டேட்டாபேஸ் விரைவாகத் தேட வைத்திருக்கும் பட்டியலில், வரிசையாக அடுக்கியிருப்பவை முழுத் தேதிகள், ஆண்டு எண்கள் அல்ல. அகராதியில் 'க'வில் தொடங்கும் சொற்களை நேராகப் போய் எடுக்கலாம். நான்கெழுத்துச் சொற்கள் வேண்டும் என்றால் முதல் பக்கத்திலிருந்து புரட்ட வேண்டியதுதான். தேதியின் மேல் இயர் போன்ற ஃபங்ஷன் போட்டால் டேட்டாபேஸுக்கும் பெரும்பாலும் அதே கதி. மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில், குவெரி எப்படி ஓடும் என்று காட்டும் எக்ஸ்ப்ளெய்ன் கட்டளையைப் போட்டுப் பாருங்கள்: டைப் என்ற இடத்தில் 'ஆல்' இருந்தால் முழு டேபிளையும் படிக்கிறது, 'ரேஞ்ச்' வந்தால் சரி.

அப்புறம், சோம்பலில் பிட்வீன் (இதிலிருந்து இதுவரை) போட்டு '2024-12-31' என்று முடித்துவிடாதீர்கள். நெடுவரிசையில் நேரமும் இருந்தால், தேடல் 31 தொடங்கும் நள்ளிரவோடு நின்றுவிடும்; டிசம்பர் 31 காலை 10 மணிக்குப் போட்ட பில் கணக்கில் வராது.

அந்த நெடுவரிசைக்கு இண்டெக்ஸே இல்லை, சில நூறு வரிகள்தான் இருக்கின்றன, அல்லது டேபிளில் பாதிக்கு மேல் 2024தான் என்றால் பெரிதாக லாபம் இல்லை. 'எல்லா ஆண்டுகளின் மார்ச் மாதமும்' என்பதை ஒரே ரேஞ்சாக எழுதவும் முடியாது. அதற்கு மாதத்தின் மீதே இண்டெக்ஸ் போடுங்கள், மைஎஸ்கியூஎல் 8.0.13 முதல் அந்த வசதி உண்டு, போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸில் அதற்கு வெகு முன்பிருந்தே இருக்கிறது.