காலண்டர் தாளில் தனிம அட்டவணை கட்டுவது எப்படி

போன பிப்ரவரியில் என் அண்ணன் மகள் பத்தாம் வகுப்புப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தாள். ஹைட்ரஜன் முதல் கால்சியம் வரை இருபது தனிமங்களையும் மூச்சு விடாமல் ஒப்பித்தாள். "சோடியம் ஏன் லித்தியத்துக்குக் கீழே இருக்கிறது?" என்று கேட்டேன். "புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது, அத்தை" என்றாள்.

இருபத்தாறு ஆண்டுகளாக அறிவியல் நடத்துகிறேன். இந்தப் பதிலைக் கேட்காத ஆண்டு இல்லை. கேட்கும்போதெல்லாம் மனம் கனத்துப்போகிறது. 31 வரை எண்ணத் தெரிந்த எவரும் அந்த அட்டவணையைத் தம் கையாலேயே கட்டிவிடலாம். கட்டியவருக்கு மனப்பாடம் தேவைப்படாது. அவள் இரண்டு மாலைகளில் கட்டினாள். அந்த முறையை இங்கே எழுதுகிறேன்.

தினசரி காலண்டரில் கிழித்த ஜனவரி மாதத் தாள்கள் 31 வேண்டும். எங்கள் வீட்டில் அம்மா விபூதி மடிக்க எடுத்து வைத்திருந்தார்; கேட்டு வாங்கிக்கொண்டோம். கூடவே கொஞ்சம் கொண்டைக்கடலை, பட்டாணி, கடுகு, கோலமாவு.

முதலில் ஓர் அணுவைக் கட்டுங்கள். சோடியத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் அணு எண் 11, நிறை எண் 23. அணு எண் என்பது புரோட்டான்களின் எண்ணிக்கை; நிறை எண் என்பது புரோட்டானும் நியூட்ரானும் சேர்ந்த எண்ணிக்கை. எனவே 11 கொண்டைக்கடலையைத் தரையில் குவியுங்கள். 23-லிருந்து 11-ஐக் கழித்தால் 12. அது நியூட்ரான், 12 பட்டாணியை அதே குவியலில் சேருங்கள். இது அணுக்கரு. எலக்ட்ரான்களும் 11, அவற்றுக்குக் கடுகு. ஒரு புரோட்டானின் நிறை எலக்ட்ரானைப் போல 1836 மடங்கு என்பதால், கடுகுகூட இங்கே அதிகம்தான்.

குவியலைச் சுற்றிக் கோலமாவால் மூன்று வட்டங்கள் போடுங்கள். உள்வட்டத்தில் இரண்டு கடுகுக்குத்தான் இடம். அடுத்ததில் எட்டு. மிஞ்சிய ஒன்று மூன்றாவது வட்டத்தில் தனியாக உட்காரும். 2, 8, 1. இதுதான் சோடியத்தின் எலக்ட்ரான் அமைப்பு.

இங்கே இரண்டு விஷயங்களைப் பிள்ளைகளிடம் மறைக்கக் கூடாது. எலக்ட்ரான் உண்மையில் இப்படி வட்டம் போட்டுச் சுற்றுவதில்லை. வட்டம் நாம் எண்ணுவதற்கு வைத்துக்கொண்ட வசதி. இன்னொன்று அளவு. அணுவின் விட்டம் அணுக்கருவின் விட்டத்தைப் போலப் பத்தாயிரம் மடங்குக்கும் மேல். அணுக்கருவை ஒரு கடுகாக்கிப் பள்ளி மைதானத்தின் நடுவில் வைத்தால், மைதானம் முழுவதையும் அணு எடுத்துக்கொள்ளும். 1911-இல் ரூதர்போர்டு இந்த வெறுமையைக் கண்டு சொன்னார். மெல்லிய தங்கத் தகட்டின் மேல் ஆல்பா துகள்களைச் செலுத்தியபோது அநேகமாக எல்லாமே ஊடுருவிப் போயின. மிகச் சில மட்டும் வந்த வழியே திரும்பின. திரும்பியவை எதில் மோதின என்ற கேள்விதான் அவரை அணுக்கருவுக்குக் கொண்டு சேர்த்தது.

இனி தாள்கள். தேதிதான் அணு எண். 1 முதல் 20 வரையுள்ள தாள்களின் பின்பக்கத்தில் தனிமத்தின் பெயரையும் எலக்ட்ரான் அமைப்பையும் எழுதுங்கள். 3-ஆம் தேதி லித்தியம்: 2, 1. 10-ஆம் தேதி நியான்: 2, 8. 17-ஆம் தேதி குளோரின்: 2, 8, 7. பெயர்களைப் புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம், தவறில்லை. எலக்ட்ரான் அமைப்பை மட்டும் கடுகை எண்ணி எழுத வேண்டும். மூன்றாவது வட்டத்துக்கும் இப்போதைக்கு எட்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள்; மிஞ்சியது நான்காவதுக்குப் போகும்.

தேதி மேலே தெரியும்படி தாள்களை இடமிருந்து வலமாக வரிசையில் அடுக்குங்கள். புதிய வட்டம் தொடங்கும் தனிமம் வந்தால் அடுத்த வரிசைக்கு இறங்க வேண்டும். இருப்பது இந்த ஒரே விதிதான். 1, 2 முதல் வரிசை. 3 முதல் 10 வரை இரண்டாவது. 11 முதல் 18 வரை மூன்றாவது. 19-உம் 20-உம் நான்காவது. புத்தகம் 'தொடர்' என்று சொல்வது இந்த வரிசைகளைத்தான். ஹீலியத்தை மட்டும் வலது ஓரத்துக்குத் தள்ளி நியானுக்கு மேலே வையுங்கள். அதன் ஒரே வட்டம் இரண்டிலேயே நிறைந்துவிட்டது.

எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே திருப்பிப் போடுங்கள். அவள் திருப்பிக்கொண்டே வந்தவள் முதல் பத்தியில் கை நிறுத்தினாள். "எல்லாம் ஒன்றில் முடிகிறது!" ஹைட்ரஜன் 1, லித்தியம் 2, 1, சோடியம் 2, 8, 1, பொட்டாசியம் 2, 8, 8, 1. அடுத்த பத்தி முழுவதும் இரண்டில் முடிந்தது. மேலிருந்து கீழே ஓடும் இந்தப் பத்திகள்தான் 'தொகுதி'. அவள் ஒப்பித்த அட்டவணை அவள் கைக்கு அடியில் வந்துவிட்டது.

கடைசி எண்ணுக்கு அவ்வளவு மதிப்பு ஏன் என்பதை ஆய்வகத்தில் பார்த்தால்தான் மனத்தில் நிற்கும். மண்ணெண்ணெய்ப் புட்டியிலிருந்து சோடியத்தை இடுக்கியால் எடுத்துத் துடைத்துக் கத்தியை வைத்தால், வெண்ணெய்க் கட்டியில் இறங்குவது போல இறங்கும். வெட்டிய முகம் வெள்ளியாக மின்னும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கிவிடும். மிளகளவுத் துண்டை, பினாப்தலீன் என்ற நிறங்காட்டி கலந்த தண்ணீரில் போட்டால், உருண்டு, சீறி, அங்குமிங்கும் ஓடி, ஓடிய தடமெல்லாம் இளஞ்சிவப்பாக்கும். அத்தனை ஆட்டமும் அந்தத் தனிக் கடுகைக் கொடுத்துவிடும் வேகம். லித்தியம் இவ்வளவு சீறாது. அதன் கடுகு கருவுக்கு அருகில் இருக்கிறது. பொட்டாசியத்தின் கடுகு இன்னும் ஒரு வட்டம் தள்ளி இருப்பதால் அது தண்ணீரைத் தொட்டதும் ஊதா நிறத்தில் பற்றிக்கொள்ளும். இவற்றை வீட்டில் செய்யவே கூடாது. ஆசிரியர் முன்னிலையில், பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, தள்ளி நின்று பார்க்க வேண்டும். வீட்டில் பார்க்க வேறு வழி உண்டு. உப்புப் போட்ட குழம்பு பொங்கி அடுப்பில் வழிந்தால் நீலச் சுடர் மஞ்சளாகும் அல்லவா? அதுவும் சோடியத்தின் அதே எலக்ட்ரான்தான். சூட்டில் மேலே ஏறித் திரும்ப இறங்கும்போது அந்த மஞ்சள் ஒளியை விடுகிறது.

17-ஆம் தாளுக்குக் கடைசி வட்டத்தில் ஒரு கடுகு குறைகிறது. 11-ஆம் தாளுக்கு ஒன்று மிஞ்சுகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் சாப்பாட்டு உப்பு. "அப்படியானால் மெக்னீசியத்துக்கு?" என்று கேட்டேன். "இரண்டு மிஞ்சுகிறது, இரண்டு குளோரின் வேண்டும்" என்றாள். MgCl₂ என்ற வாய்பாட்டை அவளாகவே எழுதினாள்.

இரண்டாம் நாள் அவள் கேட்ட சந்தேகம் எனக்கு மிகவும் பிடித்தது. அணு நிறை ஆர்கானுக்கு 39.95, பொட்டாசியத்துக்கு 39.10. கனமானது ஏன் முன்னால் வருகிறது? 1869-இல் ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவ் தம் தனிம அட்டவணையை அணு நிறையை வைத்துத்தான் அடுக்கினார். ஆர்கான் அப்போது யாருக்கும் தெரியாது. ஆனால் இதே சிக்கல் டெலூரியம், அயோடின் ஜோடியில் அவருக்கு வந்தது. நிறையை விட்டுவிட்டுப் பண்பைப் பார்த்து வைத்தார். அது சரி என்பதை 1913-இல் மோஸ்லி எக்ஸ் கதிர்களை அளந்து காட்டினார்: வரிசையைத் தீர்மானிப்பது கருவிலுள்ள மின்சுமை, அதாவது புரோட்டான்களின் எண்ணிக்கை. இரண்டே ஆண்டுகளில், 27 வயதில், அவர் கலிப்போலி போர்க்களத்தில் இறந்தார். காலண்டர் தேதியை நாம் அணு எண்ணாகக் கொள்ள முடிவது அவரால்தான்.

மிச்சத் தாள்கள் பதினொன்று. மூன்றாவது வட்டம் உண்மையில் 18 வரை கொள்ளும். பொட்டாசியத்திலும் கால்சியத்திலும் நான்காவது வட்டத்தின் முதல் இரண்டு இடங்கள் குறைந்த ஆற்றலில் கிடைப்பதால் அவை முந்திக்கொண்டன. 21 முதல் 30 வரை, ஸ்கேண்டியம் முதல் துத்தநாகம் வரை, பத்துத் தனிமங்களில் அந்தப் பழைய பாக்கி நிரம்புகிறது. ஆகவே இரண்டாவது பத்திக்கும் மூன்றாவது பத்திக்கும் நடுவே பத்துத் தாள் அகலத்துக்கு இடம் விட்டு, வலப்பக்கம் முழுவதையும் நகர்த்துங்கள். நாங்கள் கூடத்திலிருந்து தாழ்வாரம் வரை நகர்த்தினோம்.

31-ஆம் தாள் 13-க்கு, அதாவது அலுமினியத்துக்கு, நேர் கீழே வந்து விழும். அந்த இடத்தை மெண்டலீவ் காலியாக விட்டு, அங்கே வரவேண்டிய தனிமத்தின் அடர்த்தி 5.9 இருக்கும் என்று எழுதினார். 1875-இல் பிரான்சில் புவாபோத்ரான் அதைக் கண்டுபிடித்து காலியம் என்று பெயரிட்டார், அளந்தபோது 4.7 வந்தது. மாதிரியைச் சுத்தம் செய்து மறுபடி அளக்கும்படி மெண்டலீவ் கடிதம் எழுதினார். அளந்தார், 5.9.

நான் சொல்லி முடிக்கும் முன்பே அவள் அந்தத் தாளைத் திருப்பி 2, 8, 18, 3 என்று எழுதிவிட்டு, "32 வேண்டும், அத்தை, பிப்ரவரித் தாளைக் கிழிக்கலாமா?" என்று கேட்டாள்.