வீட்ல வயசானவங்கள பாத்துக்கற வேலைக்கு புதுசா வர்றவங்களுக்கு

குளிப்பாட்டி விடறது, சோறு ஊட்டறது, மாத்திரை குடுக்கறது, துணி மாத்தறது, இதுதான் வேலைன்னு நெனச்சுட்டுதான் நெறைய பேர் இதுக்கு வர்றாங்க. அதெல்லாம் இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா டாக்டர் மாசத்துக்கு ஒரு தடவ அஞ்சு நிமிஷம் பாக்கறாரு, பையன் வெளிநாட்டுல இருந்து வீடியோ கால்ல பாக்கறாரு, பொண்ணு ஞாயித்துக்கிழம வந்துட்டு போறாங்க, மத்த நேரம் பூரா பக்கத்துல இருக்கறது நீங்க ஒருத்தர்தான். அதனால நேத்து இல்லாத ஒண்ணு இன்னிக்கு அவங்க உடம்புல வந்திருக்குன்னா அத மொதல்ல கண்டுபிடிக்க வேண்டிய ஆளும் நீங்கதான். நீங்க மருமகளா இருந்தாலும் சரி, சம்பளத்துக்கு வந்து தங்கி இருக்கற அக்காவா இருந்தாலும் சரி, இதுதான் பெரிய பொறுப்பு. மத்த வேலையெல்லாம் செய்ய செய்ய கை பழகிடும்.

புதுசுன்னு ஒண்ண கண்டுபிடிக்கணும்னா பழசு தெரிஞ்சிருக்கணும்ல. அதனால மொதல் சில நாள் அவங்க வழக்கம் என்னன்னு பாருங்க. எவ்வளவு தூரம் நடப்பாங்க, ராத்திரி எத்தன தடவ ஒண்ணுக்கு எந்திரிப்பாங்க, எத்தன நாளைக்கு ஒருக்கா மோஷன் போவாங்க, எவ்வளவு சாப்பிடுவாங்க, வழக்கமா பிபி, சுகர் என்ன இருக்கும். ஒரு நோட்டு போட்டு தினமும் ராத்திரி நாலு வரி எழுதுங்க. தூக்கம், சாப்பாடு, தண்ணி, ஒண்ணுக்கு, மோஷன், புதுசா எதாவது, அவ்வளவுதான். டாக்டர் "எப்போலேர்ந்து இப்படி"ன்னு கேக்கும்போது தேதியோட சொல்ற ஆள் இருந்தா வைத்தியமே வேற மாதிரி போகும். டிஸ்சார்ஜ் சம்மரி, பழைய பிரிஸ்கிரிப்ஷன், எந்த மருந்து ஒத்துக்காதுங்கறது எல்லாத்தையும் ஒரே ஃபைல்ல வெச்சிருங்க, 108 வண்டி வாசல்ல நிக்கும்போது பீரோவ தேடிட்டு இருக்க முடியாது.

இத ஏன் இவ்வளவு அழுத்தி சொல்றேன்னா, வயசானவங்களுக்கு நோய் வந்தா பல நேரம் காய்ச்சலோ வலியோ தெரியாது. யூரின்ல இன்ஃபெக்‌ஷன் இருக்கும், ஆனா வெளிய தெரியறது என்னன்னா நேத்து வரைக்கும் தெளிவா பேசிட்டு இருந்த அம்மா இன்னிக்கு சாயங்காலம் செத்துப்போன அண்ணன் வந்திருக்கார்னு சொல்லுவாங்க, இல்ல பகல் பூரா தூங்கிட்டே இருப்பாங்க. நிமோனியா, ரத்தத்துல சோடியம்ங்கற உப்பு கொறையறது, ஒரு வாரமா மோஷன் போகாம இருக்கறது, புதுசா ஆரம்பிச்ச மாத்திரை, எதால வேணாலும் இப்படி ஆகலாம். "வயசாயிடுச்சு, புத்தி தடுமாறுது"ன்னு விட்டுடவே கூடாது. மறதி நோய் மாசக்கணக்குல, வருஷக்கணக்குல மெதுவா வரும். ஒண்ணு ரெண்டு நாள்ல திடீர்னு வர்ற குழப்பம் வேற, அதுக்கு அன்னிக்கே டாக்டர்கிட்ட போகணும்.

வாய் ஒரு பக்கம் கோணுது, ஒரு கை தூக்க முடியல, பேச்சு குழறுதுன்னா அது பக்கவாதம். கடைசியா எப்ப நல்லா இருந்தாங்கன்னு மணி பாத்து வெச்சுக்கிட்டு உடனே 108க்கு அடிங்க. ரத்தக்கட்டிய கரைக்கற ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு, அதுக்குள்ள சிடி ஸ்கேன் எடுக்கற ஆஸ்பத்திரிக்கு போய் சேந்தாகணும். நடுவுல தண்ணியோ மாத்திரையோ வாயில ஊத்தாதீங்க, புரை ஏறிடும். சுகர்காரங்களுக்கு திடீர்னு வேர்த்து கை நடுங்குதுன்னா டெஸ்ட் பண்ணுங்க, 70க்கு கீழ இருந்தா மூணு டீஸ்பூன் சர்க்கரைய தண்ணில கரைச்சு குடுத்துட்டு 15 நிமிஷம் கழிச்சு திரும்ப பாருங்க. மயங்கிட்டாங்கன்னா வாய் வழியா எதுவும் வேண்டாம், 108தான்.

படுக்கைப்புண்

எந்திரிக்க முடியாம படுக்கையோட இருக்கறவங்கள பாத்துக்கறீங்கன்னா இந்த பகுதிய நிதானமா படிங்க, ஏன்னா இது வந்துட்டா ஆற மாசக்கணக்குல ஆகும், அவங்க படற வேதனைய பாக்க முடியாது, ஆனா பெரும்பாலும் வராம தடுக்க முடியும்.

ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா புரட்டணும். எடது பக்கம், மல்லாக்க, வலது பக்கம். ஒருக்களிச்சு படுக்க வைக்கும்போது முழுசா சாய்ச்சுட்டா இடுப்பெலும்பு மேல மொத்த பாரமும் போகும், அதனால முதுகுக்கு பின்னாடி ஒரு தலகாணி முட்டு குடுத்து லேசா, ஒரு 30 டிகிரி சாய்வா வைங்க. கெண்டைக்காலுக்கு கீழ தலகாணி வெச்சா குதிகால் மெத்தைல படாம அந்தரத்துல நிக்கும். ஏர் பெட் வாங்கிட்டோமே, இனிமே புரட்ட வேண்டாம்னு நெறைய வீட்ல நெனைக்கறாங்க, அது தப்பு. ஏர் பெட் உதவிதான், அதுலயும் புரட்டியே ஆகணும்.

தினமும் துணி மாத்தும்போது நடு இடுப்பு, வால் எலும்பு, குதிகால், முழங்கை, பின்மண்டை இதெல்லாம் பாருங்க. செவந்திருந்தா வெரலால அழுத்தி எடுங்க. வெளுத்து திரும்ப செவந்தா பரவால்ல, வெளுக்காம அப்படியே நின்னா புண் ஆரம்பிக்குதுன்னு அர்த்தம். நம்ம ஊர் நெறத்துக்கு செவப்பு சரியா தெரியாது, அந்த எடம் மட்டும் கறுத்து, சூடா, கெட்டியா இருக்கான்னு தொட்டு பாருங்க. அப்படி இருந்தா அங்க தேய்க்கவோ மசாஜ் பண்ணவோ கூடாது, நடுவுல ஓட்டை வெச்ச ரப்பர் வளையமும் வேண்டாம், அது சுத்தி இருக்கற ரத்த ஓட்டத்த தடுக்கும். அந்த பக்கம் படுக்க வைக்காம டாக்டர்கிட்டயோ நர்ஸ்கிட்டயோ காட்டுங்க. மேல ஏத்தி படுக்க வைக்கும்போது அக்குள்ல கை போட்டு இழுத்தா தோல் உரியும், அடில ஒரு பெட்ஷீட் போட்டு ரெண்டு பேர் ரெண்டு பக்கம் புடிச்சு தூக்குங்க, உங்க முதுகும் தப்பிக்கும். டயாப்பர் விலை ஜாஸ்திதான், அதுக்காக காலைல போட்டத சாயங்காலம் வரைக்கும் விடறது பாவம்ங்க. ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒருக்கா தொட்டு பாத்து, நனைஞ்சிருந்தா கழுவி, ஒத்தி எடுத்து காய வெச்சு, ஜிங்க் ஆக்சைடு கிரீம் போட்டு விடுங்க.

சாப்பாடு, மாத்திரை

படுத்தபடி ஊட்டவே கூடாது. நிமிந்து உக்கார வெச்சு, தாடைய லேசா கீழ வெச்சு, சின்ன ஸ்பூன்ல குடுத்து, முழுங்கிட்டாங்களான்னு பாத்துட்டு அடுத்த வாய். தூக்க கலக்கத்துல இருந்தா அப்ப வேண்டாம். பக்கவாதம் வந்தவங்களுக்கு கஞ்சிய விட வெறும் தண்ணில புரை ஏறற ஆபத்து அதிகம். தண்ணி குடிச்சதும் இருமல் வருது, தொண்டைல நீர் கட்டின மாதிரி குரல் மாறுதுன்னா டாக்டர்கிட்ட சொல்லுங்க. சாப்பிட்டதும் அரை மணி நேரம் உக்காந்தே இருக்கட்டும். மூக்குல டியூப் இருக்கறவங்களுக்கு ஒவ்வொரு தடவ ஊத்தறதுக்கு முன்னாடியும் டியூப்ல போட்ட மார்க் அதே எடத்துல இருக்கான்னு பாருங்க, கழண்டு வந்திருந்தா நீங்களா உள்ள தள்ளாதீங்க, நர்ஸ கூப்பிடுங்க.

மாத்திரைய வேளை வாரியா டப்பால பிரிச்சு வைங்க. முழுங்க முடியலன்னு எல்லாத்தையும் பொடி பண்ணக் கூடாது. பேருக்கு பின்னாடி எஸ்ஆர், எக்ஸ்எல், ஈஆர்னு இருந்தா அது மெதுவா கரையற மாத்திரை, பொடிச்சா முழு டோஸும் ஒரேடியா எறங்கிடும். சாப்பிடாத அன்னிக்கு சுகர் மாத்திரையோ இன்சுலினோ குடுக்கறதுக்கு முன்னாடி போன் பண்ணி கேளுங்க. மெடிக்கல்ல நீங்களா வலி மாத்திரை வாங்கி குடுக்கறது கிட்னிய கெடுக்கும், தூக்க மாத்திரை ராத்திரி பாத்ரூம் போகும்போது கீழ தள்ளும்.

விழறதுன்னு வந்ததால சொல்றேன். பாத்ரூம்ல கைப்புடி, வழுக்காத மேட், ராத்திரி லைட், இது மூணும் மொதல் செலவா இருக்கணும். படுக்கைல இருந்து எந்திரிச்சதும் ஒரு நிமிஷம் கால தொங்க போட்டு உக்காந்துட்டு அப்புறம் நிக்க சொல்லுங்க. விழுந்துட்டா பதறிப்போய் தூக்காதீங்க. ஒரு கால் குட்டையாகி பாதம் வெளிப்பக்கம் திரும்பி இருந்தா இடுப்பு எலும்பு ஒடஞ்சிருக்கும், அசைக்காம 108. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்க தலைல அடி பட்டுட்டா, நல்லா பேசினாலும் ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போய்டுங்க.

அவங்களால முடியறத அவங்களே செய்யட்டும்

சட்ட பட்டன் போட பத்து நிமிஷம் ஆகுதா, ஆகட்டும். நீங்க ரெண்டு செகண்ட்ல போட்டு விட்டா அந்த வெரலுக்கு வேலையே இல்லாம போயிடும், கொஞ்ச நாள்ல அது நெசமாவே முடியாம ஆயிடும். அப்புறம் மானம். கதவ சாத்தாம, "துணிய மாத்தட்டுமா ஐயா"ன்னு ஒரு வார்த்த கேக்காம வேட்டிய உருவறது எவ்வளவு பெரிய அவமானம்னு யோசிங்க, வாத்தியாரா, கண்டக்டரா, கடை முதலாளியா நிமிந்து வாழ்ந்த மனுஷங்க அவங்க. அவங்கள முன்னாடி வெச்சுக்கிட்டே "இன்னிக்கு பெட்லயே போயிட்டார்"னு பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட பேசாதீங்க. கண்ணாடி, காது மெஷின், பல்செட் இது மூணும் காலைல எந்திரிச்சதும் கைக்கு வரணும், பல்செட்ட ராத்திரி கழட்டி தண்ணில போட்டு வைங்க.

சம்பளத்துக்கு இருக்கறவங்களுக்கு தனியா ஒண்ணு. ஏடிஎம் பின் நம்பர் தெரிஞ்சுக்காதீங்க, அவங்களே சொன்னாலும் வேண்டாம். வாங்கின சாமானுக்கு பில்லோட கணக்கு எழுதுங்க. சொத்து பத்திரம், உயில் இதுல சாட்சி கையெழுத்து கேட்டா மரியாதையா ஒதுங்கிடுங்க. குடும்பத்துக்காரங்களும் தெரிஞ்சுக்கங்க, 2007ல வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு சட்டப்படி, பாத்துக்கறேன்னு நிபந்தனைல சொத்த எழுதி வாங்கிட்டு பாத்துக்காம விட்டா அந்த பத்திரத்த ரத்து பண்ண முடியும். அந்த மாதிரி கொடுமைய கண்ணால பாத்தா 14567க்கு போன் பண்ணுங்க, முதியோர் உதவி எண் அது.

தமிழ்நாட்டுல இருக்கறவங்க எல்லாத்தையும் தனியா சுமக்க வேண்டியதில்ல. 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல பிபி, சுகர் மாத்திரை வீட்டுக்கே வரும், படுக்கைல இருக்கறவங்களுக்கு பிசியோதெரபியும் வலி தணிப்பு சிகிச்சையும் உண்டு, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல பேர் குடுங்க. சென்னைல கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் வளாகத்துல முதியோருக்குன்னே ஒரு அரசு ஆஸ்பத்திரி 2024ல தெறந்திருக்காங்க. மத்திய அரசு பென்ஷன் வாங்கறவங்களா இருந்தா நவம்பர்ல உயிர்வாழ் சான்றிதழ் குடுக்கணும், 80 வயசு தாண்டினவங்க அக்டோபர்லயே குடுக்கலாம், நடக்க முடியாதவங்களுக்கு போஸ்ட்மேன் வீட்டுக்கு வந்தே கைரேகை எடுத்துப்பாரு.

கடைசியா உங்க லீவு. வாரத்துல ஒரு நாள் கட்டாயம் வேணும், குடும்பத்துலயே ஒருத்தர்னா இன்னும் கட்டாயம், ஏன்னா அவங்களுக்கு யாரும் தானா வந்து "நீ போய் தூங்கு"ன்னு சொல்ல மாட்டாங்க, நீங்கதான் வாய தெறந்து கேக்கணும். ராத்திரி பூரா முழிச்ச கண்ணோட இன்சுலின் அளவு பாக்கறது ஆபத்து. மாத்து ஆள் வந்தா நோட்ட கைல குடுத்து, மாத்திரை டப்பாவ காட்டி, ஒரு தடவ புரட்டறத அவங்க செய்ய நீங்க பக்கத்துல நின்னு பாத்துட்டு, அப்புறம் கெளம்புங்க.