முந்திரித் தோப்பில் தீ பிடிக்காமல் காப்பது எப்படி?

பண்ருட்டிப் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் முந்திரி. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் எல்லாவற்றையும் சாய்த்த பிறகு நட்ட கன்றுகள்தான் இன்று காய்க்கின்றன. ஒரு மரத்தைக்கூடத் தீக்கு விட மனமில்லை.

மழை நிறையப் பெய்த வருஷம் தீ பயம் இல்லை என்று நினைக்காதீர்கள். 2024-இல் ஃபெஞ்சல் புயல் மழைக்குப் பின் எங்கள் தோப்பில் புல் இடுப்பளவு வளர்ந்தது. பங்குனியில் அதே புல் வைக்கோலாக நின்றது. காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். மழையில்லா நாளில் அந்த ஈரத்தை மண்ணிலிருந்தும் சருகிலிருந்தும்தான் உறிஞ்சும்.

அதனால் மாசி முடிவதற்குள் புல்லை அறுத்துவிடுங்கள். சருகைக் கொளுத்தாமல் குழியில் போட்டு மக்க வையுங்கள். சாலையோரம் பத்தடி அகலத்துக்கு மண் தெரிய உழுதுவிடுங்கள். பீடித் துண்டு அங்கிருந்துதான் வரும்.

அப்புறம், தினமும் காலையில் ஒரு சருகை உள்ளங்கையில் கசக்கிப் பாருங்கள். மடங்கினால் சரி. பொடியாக நொறுங்கினால் அன்று தோப்பில் அடுப்பே மூட்டக் கூடாது. மேற்கிலிருந்து வரும் மேல்காற்று பலமாக அடிக்கும் நாளில் கடற்காற்று தாமதமாகத்தான் வரும். அந்த மதியம்தான் ஆபத்து. கடற்காற்று வந்ததும் தீயும் திசை திரும்பும், எதிரே நிற்காதீர்கள். கொட்டை ஓட்டில் எண்ணெய் இருக்கிறது, குவியல் பற்றினால் புகை கண்ணை எரிக்கும். விலகி நின்று 101-ஐ அழையுங்கள்.