திரையில் தெரியும் எண்ணை எவ்வளவு நம்பலாம்? மருத்துவ, பல் மருத்துவ அளவுகளைச் சரியாக எடுக்கும் முறை

பல்லின் அகலத்தை டிஜிட்டல் காலிப்பரில் அளந்தால் 8.43 மி.மீ. என்று காட்டும். அந்தக் கடைசி 3-ஐ நம்பவே கூடாது. 0.01 மி.மீ. வரை காட்டும் காலிப்பரின் பிழை வரம்பே பெரும்பாலும் ±0.02 மி.மீ. பிடிக்கும் கோணம் கொஞ்சம் சாய்ந்தால் 0.1, 0.2 மி.மீ. கூட நகரும். 12 பற்களின் அகலத்தைக் கூட்டும்போது ஒவ்வொன்றிலும் 0.1 மி.மீ. ஒரே பக்கமாகத் தவறினால், மொத்தத்தில் 1.2 மி.மீ. தவறு.

பிழையில் இரண்டு வகை உண்டு. ஐஎஸ்ஓ 5725 தரநிலையும் துல்லியத்தை இப்படித்தான் பிரிக்கிறது: அளவுகளின் சராசரி உண்மைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பது ஒன்று, திரும்பத் திரும்ப எடுத்தால் எவ்வளவு சிதறுகிறது என்பது மற்றொன்று. எப்போதும் 8 கூட்டிக் காட்டும் பிபி கருவி சிதறாது, ஆனாலும் தவறுதான். மூன்று முறை எடுத்துச் சராசரி போட்டால் சிதறல்தான் குறையும், அந்த 8 அப்படியே நிற்கும்.

ரத்த அழுத்தம்

தானியங்கி கருவி மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் நேரடியாக அளப்பதில்லை. பட்டையில் காற்று இறங்கும்போது துடிப்பலை எங்கே உச்சமாகிறதோ, அதைச் சராசரி அழுத்தமாக எடுத்துக்கொள்கிறது. மற்ற இரண்டு எண்களையும் தயாரிப்பாளரின் கணக்குமுறை ஊகிக்கிறது. அதனால்தான் பரிசோதித்துச் சான்று பெற்ற கருவி வேண்டும் என்கிறோம். ஐஎஸ்ஓ 81060-2 முறைப்படி 85 பேரிடம் சோதித்து, சராசரிப் பிழை 5 மி.மீ. பாதரசத்தையும் திட்ட விலக்கம் (அதாவது சிதறல்) 8-ஐயும் தாண்டாமல் இருக்க வேண்டும். சராசரியில் தேறிய கருவியும் குறிப்பிட்ட ஒருவருக்கு 10 தள்ளிக் காட்டலாம். மருத்துவரிடம் போகும்போது கருவியைக் கொண்டுபோய், அதே கையில் உங்கள் கருவியாலும் அவர் கருவியாலும் மாற்றி மாற்றி எடுத்து ஒப்பிடுங்கள்.

எடுப்பதற்கு முன் சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து, கால்களைத் தரையில் பதித்து, 5 நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். கை மேசையில் தாங்கலாக இருக்கட்டும். பட்டை நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும். பட்டை இதயத்துக்கு 10 செ.மீ. கீழே இருந்தால் ஏறக்குறைய 8 மி.மீ. கூடும், மேலே இருந்தால் அதே அளவு குறையும். பருத்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் இல்லாத ரத்த அழுத்தம் இருப்பதாகக் காட்டும். மேல் கையின் சுற்றளவை டேப்பால் அளந்து, பட்டையில் அச்சிட்ட வரம்போடு ஒப்பிட்ட பிறகே வாங்குங்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுத்து இரண்டையும் எழுதி வையுங்கள். நாடி ஒழுங்கற்றுத் துடிப்பவர்களுக்கு மூன்று முறையாவது எடுக்க வேண்டும்.

சர்க்கரை, ஆக்சிஜன்

ஐஎஸ்ஓ 15197 (2013) தரநிலைப்படி, 100 மி.கி.க்கு மேல் க்ளூக்கோமீட்டர் காட்டும் அளவுகளில் 95 சதவீதம் ±15 சதவீதத்துக்குள் இருந்தால் போதும். உண்மையில் 180 இருக்கும்போது 153-உம் வரலாம், 207-உம் வரலாம். நேற்று 165, இன்று 178 என்றால் ஏறிவிட்டது என்று சொல்ல முடியாது. பழம் தொட்ட விரலைக் கழுவாமல் குத்தினால் அந்தச் சர்க்கரையும் சேர்ந்தே அளவாகும். ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்து வைக்கக் கூடாது, காலாவதியானதைப் பயன்படுத்தக் கூடாது. ரத்தசோகை உள்ளவர்களுக்குப் பல கருவிகள் உயர்த்திக் காட்டும்.

பல்ஸ் ஆக்ஸிமீட்டரில் விரல் சில்லிட்டிருந்தாலும் நகப்பூச்சு இருந்தாலும் எண் கெடும். விரலைத் தேய்த்துச் சூடாக்கி, துடிப்புக் கோடு சீராகும்வரை காத்திருந்து படியுங்கள். கருமையான தோலில் இது உண்மையைவிடக் கூட்டிக் காட்டுவதாக ஆய்வுகள் சொல்கின்றன. எனவே மூச்சு வாங்கும் ஒருவருக்கு 94 காட்டினாலும், எண்ணை ஒதுக்கிவிட்டு ஆளைப் பாருங்கள்.

ஓபிஜி எக்ஸ்ரேயில் எலும்பின் உயரம்

ஓபிஜி என்பது இரண்டு தாடைகளையும் ஒரே படத்தில் காட்டும் எக்ஸ்ரே. அது எப்போதும் பெரிதாக்கியே காட்டும், அதுவும் இடத்துக்கு இடம் வேறு அளவில். மென்பொருளின் அளவுகோலை அப்படியே நம்பி இம்ப்ளான்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்வேர்) நீளத்தைத் தேர்ந்தெடுத்தால் கீழ்த்தாடை நரம்பில் இடிக்கலாம். பல் இல்லாத இடத்தில், அக்ரிலிக் தகட்டில் 5 மி.மீ. எஃகு உருண்டையைப் பதித்துப் படம் எடுங்கள். திரையில் உருண்டை 6.25 மி.மீ. இருந்தால் பெருக்கம் 1.25. நரம்புக் குழாய்வரை 15 மி.மீ. எலும்பு தெரிந்தால், 15-ஐ 1.25-ஆல் வகுக்க உண்மை உயரம் 12 மி.மீ. பாதுகாப்புக்கு 2 மி.மீ. விட்டால் மிஞ்சுவது 10.

உருண்டையை உற்றுப் பாருங்கள். வட்டமாக இல்லாமல் பக்கவாட்டில் நீண்டிருந்தால் கிடைப்பெருக்கமும் நெடுக்குப் பெருக்கமும் வேறு என்று அர்த்தம். அப்போது உயரத்துக்கு அதன் செங்குத்து விட்டத்தை மட்டும் எடுக்க வேண்டும். பக்கவாட்டுத் தூரங்களை ஓபிஜியில் அளக்கவே வேண்டாம். இதற்கெல்லாம் சிபிசிடி என்ற முப்பரிமாண எக்ஸ்ரே மேல்தான். ஆனால் அந்தப் படத்தின் மிகச் சிறிய கட்டமான வாக்ஸல் 0.2 மி.மீ. என்றால் துல்லியமும் 0.2 என்று ஆகாது. தலை அசைந்தாலோ, பக்கத்தில் உலோகப் பல் இருந்தாலோ விளிம்பு மங்கும். அந்த 2 மி.மீ. இடைவெளியை அங்கேயும் விட வேண்டும்.

வேர் சிகிச்சையில் கால்வாயின் நீளம்

1962-இல் ஜப்பானின் சுனாடா, வாயின் சவ்வுக்கும் பல்வேரைச் சுற்றியுள்ள சவ்வுக்கும் இடையே மின்தடை ஏறக்குறைய மாறாமல் இருப்பதை வைத்து நீளம் அளந்தார். வேர்நுனியைக் கண்டறியும் இன்றைய கருவிகளான அபெக்ஸ் லொக்கேட்டர்கள், பல அதிர்வெண்களில் மின்மறுப்பை (மாறுமின்னோட்டத்துக்கான தடையை) ஒப்பிடுகின்றன. கருவி நல்லதாக இருந்தும் எண் தவறுவது பெரும்பாலும் வாய்க்குள் நடக்கும் மின்கசிவால்தான்.

பல்லை எச்சிலிலிருந்து பிரிக்கும் ரப்பர் விரிப்பான ரப்பர் டேமைப் போடுங்கள். பல்லின் உள்ளறையைப் பஞ்சால் ஒற்றி உலர்த்துங்கள். கால்வாய்க்குள் ஈரம் இருக்கட்டும், அறையில் மட்டும் தேங்கக் கூடாது. கருவியின் உதட்டுக் கொக்கியை மாட்டி, கால்வாயில் தளர்வாக ஆடாத 10 அல்லது 15-ஆம் எண் ஃபைலை (கால்வாயைத் தேய்க்கும் மெல்லிய கம்பியை) மெதுவாக இறக்குங்கள். ஃபைல் பல்லில் உள்ள வெள்ளி அடைப்பையோ உலோக உறையையோ தொட்டால் கருவியின் முள் திடீரென நுனிக் குறிக்குத் தாவும். முள் சீராக ஏறாமல் குதித்தால் அந்த அளவை விட்டுவிடுங்கள். ரத்தமோ சீழோ பொங்கினாலும் இதே கதை.

திரையில் தெரியும் 0.5 என்ற குறி 0.5 மி.மீ. அல்ல, அது வெறும் குறி. இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஃபைலை நுனிக் குறிவரை கொண்டுபோய், ரப்பர் நிறுத்தியைப் பல்லின் மேட்டில் பொருத்தி, வெளியே எடுத்து அளவுகோலில் அளந்து, அதிலிருந்து 0.5 மி.மீ. கழியுங்கள். பிறகு எக்ஸ்ரே. படத்தில் ஃபைல் 1 மி.மீ. குறைவாகத் தெரிந்தால் கருவி தவறு என்று முடிவுகட்ட வேண்டாம். கால்வாயின் துளை பெரும்பாலும் வேர்நுனியில் இல்லாமல் 0.5 முதல் 1 மி.மீ. தள்ளி, பக்கவாட்டில் திறக்கும். வித்தியாசம் அதைவிடப் பெரிதானால் இரண்டையும் மறுபடி எடுங்கள். நுனி இன்னும் மூடாத சிறுவர் பல்லில் இந்தக் கருவியை மட்டும் நம்பக் கூடாது.

வாய்க்குள் ஸ்கேன்

ஸ்கேனர் சின்னச் சின்னப் படங்களைத் தைத்துத் தாடையை உருவாக்குகிறது. ஒவ்வொரு தையலிலும் சிறு பிழை சேரும். ஒரு பல் உறைக்கு அது பொருட்டல்ல. முழுத் தாடை என்றால் இரண்டு கடைவாய் முனைகளும் விலகிப்போகும். எச்சிலை உலர்த்தி, கடைவாய்ப் பல்லின் மேல்பரப்பில் தொடங்கி, அடுத்த முனைவரை போய், நாக்குப் பக்கமாகத் திரும்பி, கன்னப் பக்கத்தில் முடியுங்கள். நடுவில் இடம் தாவ வேண்டாம். முடிந்ததும் இரு கடைவாய்ப் பற்களுக்கு இடையிலான தூரத்தைத் திரையிலும், வாயில் காலிப்பரிலும் அளந்து பாருங்கள்.

உங்கள் கையின் பிழையை அளப்பது

பற்களின் 10 வார்ப்புகளை (அச்செடுத்த மாதிரிகளை) அளந்து எழுதுங்கள். இரண்டு வாரம் கழித்து, முதல் எண்களைப் பார்க்காமல் மறுபடி அளங்கள். ஒவ்வொரு வித்தியாசத்தையும் அதனாலேயே பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, 20-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுங்கள். இது டால்பெர்க் 1940-இல் தந்த சூத்திரம். கூட்டல் 0.45 வந்தால் உங்கள் பிழை 0.15 மி.மீ. அதை 2.8-ஆல் பெருக்க ஏறக்குறைய 0.4 வரும். இரண்டு அளவுகளுக்கு இடையே இதற்குள் வரும் வித்தியாசம் வெறும் பிழையாகவே இருக்கலாம். பல் 0.3 மி.மீ. நகர்ந்ததாக அடுத்த முறை உங்கள் அளவு காட்டினால், நகர்ந்தது பல்லா கையா என்று பிரித்துச் சொல்ல முடியாது.