பழைய கேஸ் கிரில்லுக்கு மடக்கு மேசை: துளையிடும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் வடசென்னையில் தண்டையார்பேட்டையில் உள்ள எங்கள் வெல்டிங் பட்டறைக்கு ஒரு பழைய கேஸ் கிரில்லைக் குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். பழைய சாமான் கடையில் வாங்கிய அந்தக் கிரில்லின் பக்கவாட்டில் மடக்கு மேசை ஒன்றைப் பொருத்த முயன்ற இளைஞர், பர்னர்கள் எரியும் வார்ப்பு அலுமினியப் பெட்டியின் சுவரிலேயே நான்கு துளைகளைப் போட்டிருந்தார். அவர் கைவேலை சுத்தமானது. துளைகள் நேர்கோட்டில் இருந்தன, விளிம்புகளைக்கூட அரம் போட்டுத் தேய்த்திருந்தார். இருந்தும் அவற்றைப் பார்த்தவுடன் எனக்கு எரிச்சல் பொங்கியது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே தவறை, கிட்டத்தட்ட இதே இடத்தில், நானும் செய்திருக்கிறேன்.

ராயபுரம், புது வண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர்ப் பக்கம் மொட்டைமாடியில் கிரில் வைத்திருப்பவர்கள் பலர் ஞாயிற்றுக்கிழமை காலையில் காசிமேட்டில் மீன் வாங்கி, மாலையில் மாடியில் சுடுகிறார்கள். மசாலா தடவிய மீன் தட்டையும் எண்ணெய்க் கிண்ணத்தையும் இடுக்கியையும் வைக்க அடுப்பருகில் ஓர் இடம் வேண்டும். தண்ணீர்த் தொட்டியும் துணிக்கொடியும் போக மிஞ்சும் குறுகலான மாடியில் நிலையான மேசைக்கு இடம் கிடையாது. ஆகையால் மடக்கு மேசை கேட்டு வருகிறார்கள். அளவு பிசகி வெட்டுவது, கீலைத் தலைகீழாக மாட்டுவது போன்ற தவறுகளை இங்கே சொல்லப்போவதில்லை. அவற்றை ஒருமுறை செய்தால் கையே திருத்திக்கொள்ளும்.

எரியும் பெட்டியில் துளையிடுதல்

ஒரு கேஸ் கிரில்லை மேலே மூடி, நடுவில் பர்னர் பெட்டி, கீழே இவற்றைத் தாங்கும் கால்களும் சட்டமும் என மூன்று பகுதிகளாகப் பார்க்கலாம். மேசையின் எடையைச் சுமக்க வேண்டியது கால்களும் சட்டமும் மட்டுமே. ஆனால் புதிதாக இந்த வேலைக்கு வருபவரின் கண்ணில் முதலில் படுவது நடுப்பெட்டிதான். அது அகலமாகவும் தட்டையாகவும் இருக்கிறது. சமைப்பவரின் கைக்கு ஏற்ற உயரத்திலும் இருக்கிறது. விரலால் தட்டினால் கனமாக ஒலிக்கிறது. அந்தக் கனத்தை நம்பித்தான் டிரில் மெஷினை எடுக்கிறார்கள்.

பழைய கிரில்கள் பலவற்றில் அந்தப் பெட்டி வார்ப்பு அலுமினியத்தால் ஆனது. அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில்தான் உருகும் என்றாலும், 200 டிகிரியைத் தாண்டும்போதே அதன் வலு வெகுவாகக் குறையத் தொடங்குகிறது. மூடியை மூடி வைத்துச் சமைக்கும் கிரில்லின் பெட்டிச் சுவருக்கு அந்த வெப்பம் அன்றாடம் கிடைப்பது. அதைவிட முக்கியமானது விரிவடைதல். 50 செ.மீ. நீளமுள்ள அலுமினியச் சுவர் 200 டிகிரி கூடுதலாகச் சூடேறும்போது ஏறத்தாழ 2.3 மி.மீ. நீள்கிறது, மேசையைத் தாங்க அதன்மீது மாட்டும் அதே நீளமுள்ள இரும்பு ஆங்கிள் (எல் வடிவச் சட்டம்) அதே அளவு சூடேறினாலும் 1.2 மி.மீ. அளவுக்கே நீளும், வெளியே காற்றுப்படுவதால் உண்மையில் அவ்வளவுகூட நீளாது. இரண்டையும் போல்ட் போட்டு இறுக்கிவிட்டால், அடுப்பை ஏற்றும்போதெல்லாம் பெட்டி ஒரு மில்லிமீட்டருக்கும் மேலாக நீளப் பார்க்கும், ஆங்கிள் அதை விடாது. இந்த இழுபறி முழுவதும் போல்ட் துளைகளின் ஓரத்தில் வந்து சேர்கிறது. வார்ப்பு அலுமினியம் வளைந்து கொடுக்கும் இயல்புடையதன்று. அது துளையின் ஓரத்திலிருந்து மயிரிழை போல் விரிசல் விடும்.

நான் அன்று செய்தது இதைத்தான். கப்பல் வேலையிலிருந்து ஓய்வுபெற்று ராயபுரத்தில் குடியிருந்த பெரியவர் ஒருவர் தம்முடைய கிரில்லுக்கு மேசை கேட்டார். எட்டு மில்லிமீட்டர் பிட்டைப் போட்டு நான்கு துளைகள் இட்டேன். அரை மீட்டர் ஆங்கிளை வைத்து இறுக்கி, அதில் இரண்டு மடக்கு பிராக்கெட்டுகளை மாட்டினேன். மேசை அசையாமல் நின்றது, அவரும் மனம்விட்டுப் பாராட்டினார். மூன்றாம் மாதம் அவரிடமிருந்து அழைப்பு வந்தது: “தம்பி, மேசை ஒரு பக்கமா தொங்கிப்போச்சு, வந்து இன்னான்னு பாரு.” போய்ப் பார்த்தபோது மேல் துளை ஒன்றிலிருந்து பெட்டியின் விளிம்பு வரை விரிசல் ஓடியிருந்தது. அடுப்பைப் பற்றவைத்தால் அந்த விரிசல் வழியாகச் சூடான காற்று மேசைப் பக்கமாகவே சீறி வந்தது.

ஆர்கான் வெல்டிங் வைத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். பல ஆண்டுகள் எண்ணெயும் கொழுப்பும் ஊறிய வார்ப்பு அலுமினியத்தை எவ்வளவு தேய்த்தாலும், சூடு பட்டவுடன் உள்ளிருந்து அழுக்கு கொப்பளித்து வரும். பற்றுவைத்த இடம் தேன்கூடு போலத் துளைகளோடு உறையும். ஒட்டிய விரிசலின் பக்கத்திலேயே புதிய விரிசல் ஓடியது. மாற்றுப் பெட்டி வாங்கலாம் என்றால், அந்த மாதிரிக் கிரில்லின் உற்பத்தி நின்று பல ஆண்டுகள் ஆகியிருந்தன. மேசைக்கு வாங்கிய கூலியைப் போல் ஐந்து மடங்குக்கு மேல் செலவழித்து அவருக்கு வேறொரு பழைய கிரில்லைத் தேடிக் கொடுத்தேன். அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அது எனக்கு இன்னும் கடினமாக இருந்தது. பர்னர், தட்டி, குமிழ் என மற்ற எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளலாம், பெட்டியை மட்டும் மாற்ற முடியாது என்பதைத் துளையிடும் முன் எனக்குச் சொல்ல அப்போது யாரும் இல்லை.

சரியான இடத்தைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் போதும். ஒரு காந்தத் துண்டை எடுத்துக்கொண்டு கிரில்லைச் சுற்றி வர வேண்டும். அலுமினியப் பெட்டியில் காந்தம் ஒட்டாது. இரும்புக் கால்களில் நன்றாக ஒட்டும். பக்கத் தகடு இருந்தால் அதைக் கழற்றிவிட்டு உள்ளே காலும் குறுக்குச் சட்டமும் எப்படிப் போகின்றன என்று பார்க்க வேண்டும், ஏனெனில் அந்தத் தகடு மறைப்புக்காக வைத்தது, சுமை தாங்க வைத்ததன்று. கால் உருண்டைக் குழாயாக இருந்தால் யூ போல்ட் போட்டு அணைத்துப் பிடிக்கலாம். சதுரக் குழாயாக இருந்தால் முன்னும் பின்னும் தகடு வைத்து நீள போல்ட்டால் கவ்விப் பிடிக்கலாம். இரண்டிலும் கிரில்லில் ஒரு துளைகூடப் போட வேண்டியதில்லை.

கால்களில் பிடித்தாலும் பிராக்கெட்டின் உயரத்தைக் கவனிக்க வேண்டும். 40 செ.மீ. நீட்டியுள்ள மேசையின் வெளி விளிம்பில் 10 கிலோ எடை அமர்ந்தால், மேல் போல்ட்டுக்கும் கீழ்த் தாங்கலுக்கும் இடையே 15 செ.மீ. இருக்கும்போது மேல் போல்ட்டின்மீது ஏறத்தாழ 27 கிலோ இழுவிசை விழும். அந்த இடைவெளி 5 செ.மீ. ஆகக் குறைந்தால் அதே 10 கிலோ 80 கிலோவாகி இழுக்கும். கடையில் சிறிய பிராக்கெட் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கி வருபவர்களிடம் நான் இந்தக் கணக்கைத் தரையில் சாக்கட்டியால் எழுதிக் காட்டுகிறேன்.

ஏற்கெனவே துளையிட்டுவிட்டவர்கள் அதைப் பற்றுவைத்து அடைக்க முயல வேண்டாம். சென்ற மாதம் வந்த கிரில்லில் நல்லவேளையாக விரிசல் இன்னும் தொடங்கியிருக்கவில்லை. ஆங்கிளைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு துளையின் உள்ளும் புறமும் சிறிய எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) தகட்டு வில்லையை வைத்து, துளையைவிடச் சற்று மெல்லிய போல்ட்டால், பெட்டி விரியச் சிறிது இடம் விட்டு மிதமாக இறுக்கினோம். பர்னர்களைக் கழற்றித் தட்டியபோது துளையிட்ட அலுமினியச் சீவல்கள் பர்னர் குழாய்க்குள்ளிருந்து உதிர்ந்தன. அவை சுடர் வரும் கண்களை அடைத்துக்கொள்ளக்கூடியவை, ஆகவே ஒவ்வொரு கண்ணையும் பார்த்துச் சுத்தம் செய்தோம். பிறகு மேசையைக் கால்களுக்கு மாற்றினோம்.

குழாய் இருக்கும் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தல்

வெளிநாட்டுக் கிரில்களின் அடியில் உள்ள அறை பெரும்பாலும் 9 கிலோ அளவிலான சிலிண்டருக்காக அமைக்கப்பட்டது. நம்முடைய 14.2 கிலோ சிலிண்டர் அதில் சரியாக உட்காராது. ஆகவே அதைக் கிரில்லுக்குப் பக்கத்தில் தரையில் நிறுத்தி, ரப்பர் குழாயைப் பக்கவாட்டிலிருந்து கொண்டுபோகிறார்கள். மேசையையும் அந்தப் பக்கத்திலேயே மாட்டினால், விரித்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. மடக்கித் தொங்கவிடும்போதுதான் பலகையின் கீழ் விளிம்போ பிராக்கெட்டின் கத்தரிக் கையோ குழாயை நசுக்கும். மாதக்கணக்கில் அப்படி நசுங்கிய குழாய் உட்புறமாக விரிசல் விட்டிருப்பதை நான் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். கேஸ் காற்றைவிடக் கனமானது; கசிந்தால் மேலே போகாமல் தரையோடு தேங்கும், மாடியின் கைப்பிடிச் சுவர் மூலையில் அது தேங்க இடமும் உண்டு.

மேசை எப்போதும் சிலிண்டருக்கு எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும். வேறு வழியே இல்லாவிட்டால் குழாயைப் பின்புறமாகத் திருப்பிக் கொண்டுபோகலாம். ஆனால் அதற்காகக் குழாயை ஒன்றரை மீட்டருக்கு மேல் நீட்டுவதோ நடுவில் ஒட்டுப் போடுவதோ கூடாது. ஐந்து ஆண்டு கடந்த குழாயாக இருந்தால் மேசை வேலையோடு சேர்த்து அதையும் மாற்றச் சொல்லுகிறேன். வேலை முடிந்ததும் சோப்பு நுரை பூசி இணைப்புகளைப் பார்ப்பதைத் தவிர்க்கக் கூடாது; தீக்குச்சியைக் கொண்டு பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அது கொலைக்குச் சமம்.

காற்றுத் துளைகளை மறைத்தல்

சிலிண்டர் அறையின் அடியிலும் பக்கத்திலும் உள்ள கீற்றுகள், கசியும் கேஸ் வெளியேறுவதற்காக வைக்கப்பட்டவை. மடக்கிய பலகை அவற்றை மூடக் கூடாது.

நைலாக் நட்

தளராமல் பிடிக்க இந்த நட்டின் உள்ளே இருக்கும் நைலான் வளையம் ஏறத்தாழ 120 டிகிரிக்கு மேல் பிடிப்பை இழக்கும். சூடுபடும் இடத்தில் இரட்டை நட் போடுங்கள்.

ஜிஐ தகட்டை வெல்டிங் செய்தல்

ஜிஐ என்பது துத்தநாகம் பூசிய இரும்பு. பற்றுவைக்கும்போது எழும் துத்தநாகப் புகை காய்ச்சலைத் தரும். பூச்சை முழுதாகத் தேய்த்து எடுக்காமல் பற்றுவைக்காதீர்கள்.

‘எஸ்எஸ்’ என்ற சொல்லை மட்டும் நம்புதல்

எண்ணூரிலிருந்து ராயபுரம் வரை வீசும் கடற்காற்றில் உப்பு இருக்கிறது. உள்நாட்டில் பத்து ஆண்டுகள் தாங்கும் கீல் இங்கே இரண்டு மழைக்காலத்தில் இறுகிப்போய், மடக்கு மேசை மடங்காத மேசையாகிவிடுகிறது. எஸ்எஸ் என்று கேட்டு வாங்கினாலே துருப்பிடிக்காது என்று பலர் நினைக்கிறார்கள். 202 ரகத்தில் நிக்கல் குறைவு, அதை ஈடுகட்ட மாங்கனீசு சேர்க்கிறார்கள். உப்புக்காற்றில் அது விரைவில் பழுப்புப் புள்ளி விடும். 304 ரகத்தில் ஏறத்தாழ 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் உண்டு. வாரம் ஒருமுறை துடைத்து வைப்பவருக்கு அது போதும். கடற்கரையை ஒட்டிய வீடு என்றால், மாலிப்டினம் சேர்ந்த 316 ரகத்தில் கீலையும் போல்ட்டையும் மட்டுமாவது வாங்கிப் போடலாம். பலகைக்கு அவ்வளவு செலவு தேவையில்லை. காந்தம் ஒட்டவில்லை என்பதை வைத்து இந்த ரகங்களைப் பிரித்தறிய முடியாது, 202, 304 இரண்டுமே பொதுவாகக் காந்தத்தில் ஒட்டாதவை. லிங்கிச் செட்டித் தெருவில் ரகத்தின் எண்ணைச் சொல்லி, பில்லிலும் அந்த எண்ணை எழுதி வாங்குவதே நான் கடைப்பிடிக்கும் வழி.

சோதிக்காமல் ஒப்படைத்தல்

மேசையை விரித்து, கையால் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு அனுப்பிவிடுகிறார்கள். ஆறிய நிலையில் எல்லா மேசையும் உறுதியாகத்தான் நிற்கும். நாங்கள் 10 கிலோ மணல் மூட்டையை வெளி விளிம்பில் வைத்துவிட்டு, எல்லா பர்னர்களையும் முழுதாக எரியவிட்டு, மூடியை மூடி அரை மணி நேரம் ஓடவிடுகிறோம். அதன்பின் மேசையின் உள் விளிம்பில் கை வைத்துப் பார்ப்போம். கை பொறுக்காத சூடு என்றால் பெட்டிக்கும் பலகைக்கும் இடையிலான இடைவெளி போதாது, இரண்டு அங்குலமாவது விட்டு மீண்டும் மாட்டுவோம். அடுப்பு முழுதாக ஆறும்வரை காத்திருந்து, ஒவ்வொரு நட்டையும் மறுபடி ஸ்பேனர் வைத்துப் பார்ப்போம். முதல் சூட்டுக்குப் பின் கால் சுற்று தளர்ந்திருப்பது வழக்கம். அதை இறுக்கி, ஐந்தாறு முறை மடக்கி விரித்து, குழாய் பக்கம் ஒருமுறை குனிந்து பார்த்த பிறகே வண்டியில் ஏற்றுகிறோம். இப்போது அந்தக் கடைசி இறுக்கலைச் செய்வது சென்ற மாதம் நான்கு துளைகளோடு வந்த அந்தத் தம்பிதான். சனிக்கிழமைகளில் எங்களிடம் வேலை கற்றுக்கொள்ள வருகிறார்.