சோற்றைச் சுடவைத்தால் நஞ்சு போய்விடுமா?

தைப்பூசக் காவடி தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கோடைப் புழுக்கத்தில் வரும். அன்றைக்கு விடியும் முன்பே எங்கள் சாட்ஸ்வொர்த் வீட்டில் சோறு வடித்து, தேக்சாவில் நிரப்பி, மூடி போட்டுவிடுவோம். ஒரு வருஷம் அதில் மிஞ்சியதை மாலையில் தாளித்துச் சாப்பிட்ட நான்கு பேர் இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தார்கள். "நல்லா சூடு பண்ணித்தானே போட்டேன்" என்று அத்தை கலங்கிப்போனார். உண்மைதான், ஆவி பறக்கத்தான் போட்டார். அந்தச் சூட்டை நம்பியதுதான் தவறு.

அரிசியில் பேசிலஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள், அதாவது கெட்டி ஓட்டுக்குள் உறங்கும் வடிவம், மண்ணிலிருந்தே ஒட்டிக்கொண்டு வரும். கொதிநீரில் அவை சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக ஆறும்போது முளைத்துப் பெருகும். முதலில் வளர்வதுதான் வேலை. கூட்டம் பெருத்து வளர்ச்சி தளரும் சமயத்தில்தான் செரியூலைட் என்ற நஞ்சு சேரத் தொடங்கும். இது 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அழியாது. நம் அடுப்பு எம்மாத்திரம்? பாக்டீரியா செத்தாலும் நஞ்சு சோற்றிலேயே கிடக்கும். மோந்து பார்த்தோ, ஒரு வாய் தின்று பார்த்தோ கண்டுபிடிக்கவும் முடியாது.

ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற இன்னொரு பாக்டீரியா சமைப்பவரின் மூக்கிலிருந்தோ விரல் புண்ணிலிருந்தோ உணவுக்கு வரும். இந்தப் பாக்டீரியா சின்னச் சின்னப் புரதத் துணுக்குகளை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். அந்தத் துணுக்குகள் அடர்ந்தால் கூட்டம் சேர்ந்துவிட்டது என்று பொருள். உடனே அதன் பல நச்சு ஜீன்கள் விழித்துக்கொள்ளும். இது உணவில் விடும் நஞ்சும் கொதிக்குத் தாங்கும். ஆகவே புண்ணுள்ள கையோடு சோறு பிசையாதீர்கள்.

எல்லா நஞ்சும் இப்படித்தான் என்று நினைப்பதும் தவறு. கல்யாண வீட்டு ஆட்டிறைச்சிப் பிரியாணி பெரிய பாத்திரத்தில் மெல்ல ஆறும்போது வளர்வது குளோஸ்டிரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்ற பாக்டீரியா. அது பெரும்பாலும் நம் குடலுக்குள் போய், வித்தாக மாறும்போதுதான் நஞ்சைச் செய்யும். அங்கே உயிரோடு போனால்தான் ஆபத்து என்பதால், பரிமாறும் முன் நடுப்பகுதி வரை கொதிக்கச் சூடாக்குவது உண்மையிலேயே உதவும்.

அப்புறம் ஃபிரிட்ஜ். அதில் வைத்தது கெடாது என்ற நம்பிக்கை இந்த நாட்டில் உயிர்களை வாங்கியிருக்கிறது என்றே நினைக்கிறேன். 2017-18இல் போலோனி என்ற பதப்படுத்திய இறைச்சி வழியாகப் பரவிய லிஸ்டீரியா பாக்டீரியா 1,060 பேரைத் தாக்கி, 216 பேரைக் கொன்றது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும் பங்கு பிறந்து 28 நாள்கூட ஆகாத சிசுக்கள். லிஸ்டீரியா 4 டிகிரியிலும் மெல்ல வளரும், ஆனால் குளிரில் ஆயுதத்தை வீணாக்காது. அதன் நச்சு ஜீன்களை இயக்கும் புரதத்துக்கான ஆர்என்ஏ, அதாவது அந்தப் புரதத்தைச் செய்யச் சொல்லும் ஜீனின் நகல், குளிரில் மடிந்து பூட்டிக்கொண்டிருக்கும். 37 டிகிரியில், அதாவது நம் உடம்புச் சூட்டில், மடிப்பு அவிழும்; அப்போதுதான் நம் செல்களைத் துளைக்கும் நஞ்சு பிறக்கும். எனக்கு இதைப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது. கர்ப்பிணிகள் இருக்கும் வீட்டில் போலோனியைச் சூடாக்காமல் தராதீர்கள். கரண்ட் பல மணி நேரம் போன நாளில் இன்னும் கவனம் வேண்டும்.

கடைசியாக, ரத்தத்தோடு பேதியானால் வீட்டில் மீந்திருக்கும் ஆன்டிபயாடிக்கை எடுத்துப் போடாதீர்கள். அப்படிப் பேதியாக ஒரு காரணம், ஷிகா என்ற நஞ்சைச் செய்யும் ஈ.கோலை பாக்டீரியா. அதில் அந்த நஞ்சின் ஜீன், பாக்டீரியாவுக்குள் உறங்கும் ஒரு வைரஸோடு சேர்ந்து இருக்கிறது. சில ஆன்டிபயாடிக்குகள் பாக்டீரியாவின் டிஎன்ஏவைத் தாக்கும்போது அந்த வைரஸ் விழித்து, பாக்டீரியாவை வெடிக்கச் செய்து, நஞ்சை மொத்தமாகக் கொட்டிவிடும். சிறுநீரகம்கூடப் பழுதாகலாம். நேரே மருத்துவரிடம் போங்கள்.

அத்தை இப்போது வடித்த சோற்றை அகலத் தட்டுகளில் மெல்லிசாகப் பரப்பி, விசிறியடியில் ஆறவைத்து, ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுகிறார்.